45 வீதத்தில் அணையும் லப்டொப்: பழுதடைந்த பற்றரி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

முறைப்பாடு

களுவாஞ்சிகுடியில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், தம்முடைய 14 அங்குல லப்டொப்பை மட்டக்களப்பு நகரிலுள்ள எமது திருத்தகத்துக்குக் கொண்டுவந்தார். 2018இல் வாங்கிய கருவி. வின்டோஸ் 10 இயங்குதளம். கழற்றி மாட்ட முடியாதபடி உள்ளே பொருத்தப்பட்ட, மூன்று கலங்களைத் தொடராகக் கொண்ட, 11.4 வோல்ற்று, 42 வாற்று-மணி இலிதியம் பொலிமர் பற்றரி. பின்னேர வகுப்புகளை அவர் இணையவழியில் நடத்துகிறார். ஒரு வகுப்பு இரண்டு மணி நேரம். இடையில் கரண்ட் போனால் லப்டொப் ஒரு மணி நேரம்கூடத் தாக்குப்பிடிப்பதில்லை என்பதே அவருடைய முறைப்பாடு.

அவர் சொன்ன விதம் ஆய்வுக்கு உதவியது. "தம்பி, நூறு எண்டு காட்டுது, ஆனா நம்ப ஏலா, நாப்பத்தஞ்சில நிக்கக்குள்ள சொல்லாமக் கொள்ளாம அணைஞ்சிருது" என்றார். பற்றரி மெல்ல மெல்லக் குறைந்து 5 வீதத்தில் எச்சரித்துவிட்டு அணைவது ஒரு வகை. பாதிக்கு அண்மையில் நிற்கும்போதே விளக்கை ஊதி அணைத்ததுபோல் நின்றுபோவது வேறு வகை. இரண்டுக்கும் காரணங்கள் ஒன்றல்ல. இவற்றோடு, கரண்ட் இருக்கும் வேளையிலும் சில மத்தியானங்களில் "இணைக்கப்பட்டுள்ளது, சார்ஜ் ஏறவில்லை" என்ற அறிவிப்பு திரையில் தோன்றுவதாகவும் அவர் சொன்னார். அந்த அறிவிப்பை வைத்தே வேறோர் இடத்தில் மதர்போர்டின் சார்ஜிங் பகுதி பழுது என்று கூறி, போர்டையே மாற்றும்படி சொல்லியிருந்தார்கள். அதற்குக் கேட்ட தொகையைக் கொடுப்பதா, கருவியையே கைவிடுவதா என்ற தயக்கத்தில்தான் அவர் எம்மிடம் வந்திருந்தார்.

மின் வழியைச் சோதித்தமை

பற்றரியைக் குற்றம் சொல்வதற்கு முன்னர் அதற்கு மின்சாரம் வந்துசேரும் வழியைப் பார்க்க வேண்டும். அடப்டரின் முகத்தில் 19.5 வோல்ற்று, 3.34 அம்பியர், அதாவது 65 வாற்று என்று எழுதியிருந்தது. மல்டிமீற்றரில் சுமையின்றி 19.4 வோல்ற்றும், லப்டொப்பை முழுவேகத்தில் ஓடவிட்டபோது 18.9 வோல்ற்றும் காட்டியது. இது நல்ல நிலை. சில லப்டொப்புகளின் அடப்டர் முனையில் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அடப்டர் எத்தனை வாற்று என்பதை லப்டொப் அந்த ஊசி வழியாகவே அறிந்துகொள்கிறது. அது வளைந்தாலோ உடைந்தாலோ கருவி ஓடும், ஆனால் சார்ஜ் ஏறாது. இந்தக் கருவியின் பயோஸ் திரை (வின்டோஸ் தொடங்குமுன் திறக்கக்கூடிய அமைப்புத் திரை) அடப்டரை 65 வாற்று என்று சரியாக அடையாளம் கண்டதால் அந்த ஐயமும் நீங்கியது.

அடுத்து, பற்றரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, அடப்டரில் மட்டும் லப்டொப்பை இயக்கி, வீடியோ வகுப்புக்கு நிகரான சுமையைக் கொடுத்தோம். எந்தத் தடங்கலுமின்றி ஓடியது. மதர்போர்டின் மின்வழங்கற் பகுதி அந்தச் சுமையைத் தாங்குகிறது என்பதற்கு இது போதுமான சான்று. சார்ஜ் ஏற்றும் பகுதி வேலை செய்கிறதா என்பதை, பற்றரியை மீண்டும் இணைத்து, அதற்குள் செல்லும் மின்னோட்டத்தைப் பார்த்து உறுதிப்படுத்தினோம், 1.8 அம்பியர் அளவில் சீராகச் சென்றது. போர்டை மாற்றும்படி சொன்னவர்கள் இந்தச் சிறு சோதனையைச் செய்திருந்தால் அந்த முடிவுக்கு வந்திருக்க மாட்டார்கள்.

ஆசிரியை வீட்டிலிருந்து கொண்டுவந்த எக்ஸ்ரென்ஷன் கோட்டை மட்டும் ஒதுக்கிவைத்தோம். அதன் துளைகளுக்குள் இருந்த பித்தளைத் தகடுகள் பச்சை பூத்துத் தளர்ந்திருந்தன. பிளக்கை விரலால் அசைத்தால் தொடர்பு விட்டுவிட்டு வந்தது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் உப்புக்காற்று படாத உலோகம் அரிது. இதுவே மூல காரணம் அல்ல என்றாலும், நாள் முழுவதும் சார்ஜும் இறக்கமுமாகப் பற்றரியை அலைக்கழிப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

மத்தியானத்து அறிவிப்பு

எமது திருத்தகத்தில் "சார்ஜ் ஏறவில்லை" என்ற அறிவிப்பு ஒருமுறையேனும் தோன்றவில்லை. வாடிக்கையாளர் சொல்லும் குறை கடையில் தென்படாதபோது அவருடைய சொல்லை ஐயுறுவது எமது தொழிலில் வழக்கமாகிவிட்டது. அது தவறான வழக்கம். குறை அங்கே தோன்றி இங்கே தோன்றவில்லை என்றால், இரு இடங்களுக்கும் இடையே எது வேறுபடுகிறது என்றுதான் கேட்க வேண்டும்.

வகுப்பு நடத்தும் அறை எப்படிப்பட்டது என்று விசாரித்தோம். அஸ்பெஸ்ரஸ் கூரை, மேற்கே திறந்த யன்னல், அடுத்த நாள் பாடத்துக்கான படங்களைத் தயாரிக்கும்போது லப்டொப் மெத்தையின் மீது. கருவி எம்மிடம் வந்தது கச்சான் காற்று, அதாவது தென்மேல் பருவக்காற்று, வீசும் காலம். மட்டக்களப்பில் அந்த மாதங்களின் மத்தியானம் எப்படியிருக்கும் என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆகவே மின்விசிறியை நிறுத்தி, லப்டொப்பை மடித்த போர்வையின் மேல் வைத்து, சுமையோடு ஓடவிட்டு, பற்றரிக்குள் இருக்கும் வெப்ப உணரியின் அளவைக் கவனித்தோம். 46 பாகை செல்சியஸைத் தாண்டியதும் சார்ஜ் மின்னோட்டம் பூச்சியத்துக்கு வந்தது. ஆசிரியை சொன்ன அதே அறிவிப்பு திரையில் தோன்றியது. போர்வையை எடுத்து விசிறியைப் போட்டதும் சற்று நேரத்தில் சார்ஜ் மீண்டும் ஏறத் தொடங்கியது.

இது பழுதன்று, பாதுகாப்பு. இலிதியம் அயன் கலத்தை (இலிதியம் பொலிமரும் அதில் ஒரு வகைதான்) சூடான நிலையில் முழு வோல்ற்றளவுக்கு ஏற்றுவது ஆபத்தானது. லப்டொப் பற்றரிகளின் பாதுகாப்புக்காக 2007இல் ஜப்பானில் ஜெய்ட்டா என்னும் இலத்திரனியல் தொழில் அமைப்பும் அந்நாட்டுப் பற்றரிச் சங்கமும் வெளியிட்ட வழிகாட்டி, வழமையான முழு அளவிலான சார்ஜுக்கு 10 முதல் 45 பாகை வரையான எல்லையையே வகுக்கிறது. அதற்கு மேலே மின்னோட்டத்தையோ வோல்ற்றளவையோ குறைக்க வேண்டும். எமது பகுதியின் வெயிலில், காற்றுப் போக வழியில்லாத மெத்தையின் மீது, ஒரு லப்டொப் அந்த எல்லையைத் தொடுவது மிக எளிது. மதர்போர்டின் மீது சுமத்தப்பட்ட பழி இப்படித்தான் உருவானது.

அறிக்கையில் இருந்த எண்

வின்டோஸ் 8 முதற்கொண்டு, கட்டளைகளைத் தட்டச்சிடும் கொமாண்ட் புரொம்ற் சாளரத்தில் பவர்-சி-எஃப்-ஜி (powercfg) என்ற கட்டளையைப் பற்றரி அறிக்கைத் தெரிவோடு இயக்கினால், பற்றரியின் வரலாறு ஒரு பக்கமாகக் கிடைக்கும். இந்தக் கருவியின் அறிக்கையில் வடிவமைப்புக் கொள்ளளவு 42,000 மில்லிவாற்று-மணி, தற்போதைய முழுச்சார்ஜ் கொள்ளளவு 27,800, சார்ஜ் சுற்றுகள் (முழு அளவுக்கு ஏறி இறங்கிய தடவைகள்) 214 என்று இருந்தது. மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சியிருக்கிறது என்பதே இதன் பொருள். வீடியோ வகுப்பின்போது இந்த லப்டொப் ஏறக்குறைய 16 வாற்று இழுக்கிறது, 27.8 வாற்று-மணி உண்மையாக இருந்தால் ஒன்றே முக்கால் மணி நேரம் ஓட வேண்டும். ஓடுவதோ ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அறிக்கையை மட்டும் பார்ப்பவர் "பற்றரி பரவாயில்லை, வேறெங்கோ பழுது" என்றுதான் சொல்வார்.

அறிக்கையின் கீழ்ப்பகுதியில் கொள்ளளவின் வரலாறு வாரவாரியாக வரும். அதில் 27,800 என்ற அதே எண் பல மாதங்களாக ஓர் இலக்கமும் மாறாமல் நின்றது. பயன்பாட்டிலுள்ள பற்றரியின் கொள்ளளவு அப்படி அசையாமல் நிற்பதில்லை. பற்றரிக்குள் இருக்கும் அளவிடும் சில்லு, உள்ளே போகும், வெளியே வரும் மின்னோட்டத்தை எண்ணிக் கணக்கு வைக்கிறது. ஆனால் மொத்தக் கொள்ளளவு எவ்வளவு என்பதை அது புதிதாகக் கற்றுக்கொள்ள, முழுதாக ஏற்றிப் பின் தாழ்ந்த நிலைவரை தடையின்றி இறங்கும் ஓர் ஓட்டம் வேண்டும். இந்த லப்டொப் பெரும்பாலும் அடப்டரிலேயே இருந்தது. கரண்ட் போன வேளைகளிலோ பாதியிலேயே அணைந்தது. கற்றுக்கொள்ளும் வாய்ப்பே கிடைக்காத சில்லு, பழைய கணக்கையே திரும்பத் திரும்ப ஒப்புவித்துக்கொண்டிருந்தது. திரையின் மூலையில் நாம் காணும் வீதம் அளந்து பெற்ற உண்மை அல்ல. அந்தச் சில்லின் மதிப்பீடு. மதிப்பீடு பிழைத்தால் நல்ல பற்றரி கெட்டதாகத் தெரியும், கெட்டது நல்லதாகத் தெரியும்.

வின்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டையும் பார்த்தோம். பற்றரி தீர்ந்து ஒழுங்காக உறக்கநிலைக்குச் சென்றதற்கான பதிவுகள் இல்லை. அவற்றின் இடத்தில் கேர்னல்-பவர் 41 என்ற பதிவுகள் இருந்தன. முறையாக மூடப்படாமல் கணினி நின்றுபோனதைக் குறிப்பது அது. இயங்குதளத்துக்கு எச்சரிக்க நேரம் கிடைப்பதற்கு முன்னரே மின்சாரம் அறுந்திருக்கிறது என்று இதிலிருந்து தெளிவானது.

சுமையின் கீழ்

வின்டோஸின் மின்சேமிப்பு அமைப்புகள் குறுக்கிடாமல் இருக்க, யூ.எஸ்.பி.யிலிருந்து உபுண்டு லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தை ஏற்றி, பற்றரியின் வோல்ற்றளவையும் மின்னோட்டத்தையும் தொடர்ந்து பதிந்தோம். 100இலிருந்து 70 வீதம் வரை குறிப்பிடத்தக்கதாக எதுவும் நிகழவில்லை. 45 வீதத்தை அண்மித்தபோது லப்டொப்பை ஓய்வில் விட்டோம்: 0.7 அம்பியர் இழுப்பில் 10.85 வோல்ற்று. உடனே சுமையைக் கூட்டினோம்: 2.2 அம்பியர் இழுப்பில் 9.87 வோல்ற்று. 1.5 அம்பியர் கூடியதற்கு 0.98 வோல்ற்று விழுந்திருக்கிறது. ஆகவே அகத்தடை, அதாவது பற்றரிக்குள்ளேயே மின்னோட்டத்துக்கு இருக்கும் தடை, ஏறக்குறைய 0.65 ஓம்.

உயர்தரப் பௌதிகவியல் படித்த எவருக்கும் மீதிக் கணக்கு விளங்கும். சுமையற்ற நிலையில் பற்றரியின் அழுத்தம் 11.3 வோல்ற்று. வகுப்பின் நடுவே ஆசிரியை ஒரு படத்தைத் திரையில் பகிர்ந்தால் செயலி (புரொசெசர்) ஒரு கணம் வேகமெடுத்து 4 அம்பியர் அளவுக்கு இழுக்கும். அந்தக் கணத்தில் அகத்தடையிலேயே 2.6 வோல்ற்று தொலைந்து, வெளியே 8.7தான் எஞ்சும். கலம் ஒன்றுக்கு 3 வோல்ற்று என்ற கீழ் எல்லையின்படி மூன்று கலங்களுக்கும் 9 வோல்ற்று. அதற்குக் கீழே போனால் பாதுகாப்புச் சுற்று தொடர்பைத் துண்டித்துவிடும். உள்ளே சார்ஜ் இருக்கத்தான் செய்கிறது. கேட்கும் வேகத்தில் அதை வெளியே தர முடியவில்லை. 45 வீதத்தில் திடீரென்று அணைந்ததன் காரணம் இதுதான். எமது சோதனையிலும் செயலியை முழு வேகத்துக்கு விட்ட கணமே லப்டொப் அணைந்தது. செயலியின் சூடு அப்போது 71 பாகைதான். வெப்பத்தால் அணைந்தது என்று சொல்ல இடமில்லை.

பின்மூடியைத் திறந்து, ஓய்வில் இருந்த பற்றரியின் ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே அளந்தோம். 3.81, 3.80, 3.62 வோல்ற்று. மூன்றாவது கலம் தோழர்களைவிடப் பின்தங்கியிருந்தது. தொடரில் இணைந்த கலங்களில் மிக மெலிந்தது எப்போது எல்லையைத் தொடுகிறதோ அப்போது முழுப் பற்றரியும் நின்றுபோகும். அந்தக் கலம் தொட்டால் தெரியும் அளவுக்கு மெல்ல உப்பியும் இருந்தது. டச்பாடின் இடது மூலை அழுத்தக் கடினமாகிவிட்டதாக ஆசிரியை ஏற்கெனவே குறைப்பட்டதற்கு விளக்கம் அங்கே கிடைத்தது. லப்டொப்பைத் திறக்காமலே வீட்டில் கவனிக்கக்கூடிய அடையாளம் இது: டச்பாட் இறுகுதல், மேசையில் வைத்தால் கருவி ஆடுதல், கீழ்மூடி விளிம்பில் இடைவெளி விடுதல். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தித் திருத்துபவரிடம் கொடுக்க வேண்டும். அமுக்கியோ குத்தியோ சரிசெய்ய முயலக் கூடாது.

ஏன் இப்படி முதுமையடைந்தது

214 சுற்றுகள் என்பது பெரிய எண் அல்ல. இந்தப் பற்றரியை மூப்படையச் செய்தது ஓட்டத்தைவிட இருப்புத்தான். சார்ஜ் ஏறும்போது இலிதியம் அயன்கள் நேர்முனையிலிருந்து புறப்பட்டு எதிர்முனையின் கிராபைற் படைகளுக்குள் புகுகின்றன, இறங்கும்போது திரும்புகின்றன. கிராபைற்றின் மேற்பரப்பில், அயன்களைக் கடத்தும் மின்பகுபொருளோடு நிகழும் பக்கத் தாக்கத்தால் மெல்லிய படலம் ஒன்று முதல் நாளிலேயே உருவாகிறது. அது இன்றியமையாதது, ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அது தடிக்கிறது. தடிக்கும்போது சிறிது இலிதியத்தை நிரந்தரமாகச் சிறைப்பிடிக்கிறது, அயன்களின் வழியையும் அடைக்கிறது. முன்னது கொள்ளளவு இழப்பு. பின்னது அகத்தடை உயர்வு. இந்தத் தாக்கத்தை விரைவுபடுத்துபவை இரண்டு: சூடு, முழுச்சார்ஜில் நெடுங்காலம் நிற்றல். ஆண்டுக்கணக்காக அடப்டரிலேயே 100 வீதத்தில், அஸ்பெஸ்ரஸ் கூரையின் கீழ், மெத்தையின் மீது இருந்த லப்டொப்புக்கு இரண்டும் ஒருசேர வாய்த்தன.

ஆசிரியையைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. 2022 மார்ச் மாத இறுதியில் நாட்டில் ஒரே நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு அமுலான காலத்தில், பற்றரியை எந்நேரமும் நிறைத்து வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனமாக இருந்தது. அந்தப் பழக்கம் நெருக்கடி தீர்ந்த பின்னும் பல வீடுகளில் நிலைத்துவிட்டது.

எடுத்த முடிவும் எடுக்காதவையும்

பற்றரியை முழுதாக இறக்கி ஏற்றி "கலிபிரேஷன்" செய்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அது சில்லின் கணக்கைத் திருத்தும். இழந்த இலிதியத்தைத் திருப்பித் தராது. இந்தப் பற்றரியில் அதைச் செய்திருந்தால் 27,800 என்ற எண் உண்மையான எண்ணுக்கு இறங்கியிருக்கும், அவ்வளவே. உப்பிய கலத்தை மேலும் ஆழமாக இறக்குவது பாதுகாப்பும் அல்ல. மெலிந்த கலத்தை மட்டும் மாற்றித் தரும்படி கேட்பவர்களும் உண்டு. வேறு வயதுள்ள கலத்தைத் தொடரில் சேர்த்தால் சமநிலை கெடும். மேலும் கலத்தின் தொடர்பு அறுந்ததும் தம்மைப் பூட்டிக்கொள்ளும் சில்லுகளும் உள்ளன. வீட்டுப்பாவனைக்கான பற்றரியில் இந்த வேலையை நாம் ஏற்பதில்லை. முழுப் பற்றரியையும் மாற்றுவதென்று முடிவாயிற்று.

புதிய பற்றரி என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பிப் பொருத்திக் கொடுத்துவிடக் கூடாது. முதலில் வந்து சேர்ந்ததன் அறிக்கை வடிவமைப்புக் கொள்ளளவும் முழுச்சார்ஜ் கொள்ளளவும் இறுதி இலக்கம்வரை 42,000 என்றே காட்டியது. உண்மையான பற்றரியில் இவை இரண்டும் அப்படிப் பொருந்துவது அரிது. 100 வீதத்திலிருந்து அணையும்வரை சீரான சுமையில் ஓட்டி, வெளியே வந்த சக்தியைக் கூட்டிப் பார்த்ததில் 29 வாற்று-மணிதான் கிடைத்தது. களஞ்சியத்தில் நெடுநாள் கிடந்ததா, உள்ளே சிறிய கலங்களை வைத்துப் பெரிய எண்ணை எழுதினார்களா என்று ஆராயாமல் திருப்பி அனுப்பினோம். பாவிக்காமல் வைத்தாலும் இலிதியம் பற்றரி மூப்படையும் என்பதால், அடுத்ததை உற்பத்தித் திகதியைக் கேட்டுப் பெற்றோம். அது 40.6 வாற்று-மணி தந்தது. அதே 0.7, 2.2 அம்பியர் சோதனையில் விழுந்தது 0.24 வோல்ற்று மட்டுமே, அகத்தடை 0.16 ஓம், பழையதன் கால் பங்கு.

இத்தோடு மின்விசிறியில் அடைந்திருந்த தூசை நீக்கி, செயலியின் வெப்பப் பசையைப் புதுப்பித்தோம். பயோஸில் சார்ஜின் மேல் எல்லையை 80 வீதத்தில் நிறுத்தினோம். 16 வாற்று இழுப்பில் அந்த 80 வீதமே இரண்டு மணி நேர வகுப்புக்குப் போதுமானது. மின்தடை அறிவிக்கப்படும் நாட்களில் மட்டும் எல்லையை நீக்கி 100க்கு ஏற்றிக்கொள்ளும்படி ஆசிரியைக்குச் செய்து காட்டினோம். வேறு லப்டொப்புகளில் இதே வசதி உற்பத்தியாளரின் மென்பொருளுக்குள் இருக்கலாம். யாரோ அதை இயக்கிவிட்டதை மறந்து, "60 வீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறுதில்லை" என்று நல்ல பற்றரியை மாற்ற வருபவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். மெத்தைக்குப் பதிலாக ஒரு பலகை, புதிய எக்ஸ்ரென்ஷன் கோட் ஆகிய இரண்டையும் அவரே வாங்கிக்கொண்டார்.

கழற்றிய பற்றரியின் முனைகளை இன்சுலேஷன் ரேப்பால் மூடி, மணல் இட்ட தகரப் பேணியில் தனியாக வைத்திருக்கிறோம். வீட்டுக் குப்பையோடு சேர்ந்து நசுங்கினால் இது தீப்பிடிக்கக் கூடியது. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடமே ஒப்படைக்கப்பட வேண்டும்.

மழைக்காலம் தொடங்கிய பின் ஆசிரியை மீண்டும் ஒருமுறை லப்டொப்பைக் காட்டிச் சென்றார். முழுச்சார்ஜ் கொள்ளளவு 40,200 என்று இருந்தது. கேர்னல்-பவர் 41 பதிவு புதிதாக ஒன்றும் இல்லை. மத்தியான அறிவிப்பு வாடைக்காற்றுக் காலத்தில் தோன்றியதில்லை என்றார். ஆனால் கூரை அதே கூரைதான். கச்சான் திரும்பி வீசும்போது பற்றரியின் சூடு 45 பாகையை மீண்டும் தொடுகிறதா என்பதை அளந்த பிறகே, பலகை மட்டும் போதுமா, வகுப்பை வேறு அறைக்கு மாற்ற வேண்டுமா என்று சொல்ல முடியும். அந்த அளவீட்டுக்காக வைகாசியில் கருவியைக் கொண்டுவரும்படி கேட்டிருக்கிறோம்.